வியன்னாவிலிருந்து வந்த சிற்பி: ஜோசப் எட்கர் போஹம்



சென்னைக் கடற்கரைச் சாலையில் சேப்பாக்கம் பக்கம் போனவர்கள் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த வளாகத்தில் ஒரு விதானத்தின் கீழே விக்டோரியா அரசியின் வெண்கலச் சிலை இருக்கிறது. அவர் அரியணை ஏறி 50 ஆண்டு நிறைந்த 1887-ஆம் ஆண்டுப் பொன்விழாவை ஒட்டி வைத்தது அது. பணம் கொடுத்தவர் விசாகப்பட்டினத்துக் கோடே நாராயண கஜபதி ராவ். சிலையில் இருப்பவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். கொடுத்தவரின் பெயரைச் சென்னை வரலாறு படிப்பவர்கள் அறிவார்கள். செய்தவரின் பெயரைக் கேட்டால்தான் பெரும்பாலோர் விழிப்பார்கள்.

செய்தவர் ஜோசப் எட்கர் போஹம். இங்கிலாந்து அரசியின் சிற்பி என்று பெயர் பெற்றவர். பிறப்பால் ஆங்கிலேயர் அல்லர். ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் பிறந்து, வளர்ந்து, பிறகு லண்டனுக்குப் பிழைக்க வந்தவர். பளிங்கிலும் வெண்கலத்திலும் அவர் செய்த உருவங்கள் லண்டன், மும்பை, கொல்கத்தா, லாகூர், சென்னை, சிட்னி என்று பரவின.

இந்த மனிதரைப் பற்றித் திருப்பூரில் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஊருக்குப் பக்கத்தில் அவிநாசிச் சாலையில் திருமுருகன்பூண்டி இருக்கிறது. சுந்தரர் பாடிய தலம் என்பதோடு, கல் சிற்பிகளின் ஊர் என்றும் அதற்குப் பெயர். சாலையோரப் பட்டறைகளில் கருங்கல்லில் உளி விழும் சத்தம் கேட்காத நாளில்லை. இது ஒரு காரணம். மற்றொன்று, திருப்பூரே வந்தவர்களால் ஆன ஊர். மதுரை, தேனி, திண்டுக்கல், தஞ்சாவூர் என்று தமிழ்நாட்டின் பல பக்கங்களிலிருந்து குடும்பங்கள் முதலில் வந்தன. இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்காளத்திலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். வந்தவர் ஒருவர் தன் கைத்தொழிலால் புதிய ஊரில் எப்படி நிலைத்தார், அவருக்குப் பின்னால் இருந்த கைகள் எவை என்று இங்குள்ளவர்கள் கேட்பது இயல்புதானே.

போஹம் 1834 ஜூலை 6-ஆம் தேதி பிறந்தார். தந்தை ஜோசப் டானியல் போஹம் பதக்கம் செதுக்குவதில் பேர் பெற்றவர். வியன்னாவின் அரசு நாணயச்சாலைக்கு இயக்குநராக இருந்தவர். கலைப்பொருள்களைத் தேடிச் சேர்த்தவர். சிறு உலோக வட்டத்துக்குள் ஒரு முகத்தின் சாயல் முழுவதையும் அடக்குகிற வேலையைப் பார்த்தபடி பையன் வளர்ந்தான். பிற்காலத்தில் அவர் செய்த எல்லா நல்ல வேலைகளிலும் இந்த வீட்டுப் பயிற்சி தெரியும். கண்ணிமையின் கனம், கன்னச் சதையின் தளர்ச்சி, சட்டை மடிப்பு விழும் விதம் ஆகியவற்றில் அவர் கண் தவறியதே இல்லை.

1848-இல் ஐரோப்பா முழுவதும் புரட்சி. வியன்னாவும் கொந்தளித்தது. அந்த ஆண்டு, 14 வயதில், போஹம் லண்டனுக்குப் படிக்க வந்தார். சுமார் 3 ஆண்டுகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து வரைந்தார். ஏதென்ஸ் நகரின் பார்த்தினான் கோயிலிலிருந்து எல்ஜின் பிரபு பெயர்த்துக் கொண்டுவந்த பளிங்குச் சிற்பங்கள் அங்கேதான் இருந்தன, இன்றும் இருக்கின்றன. 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தக் கிரேக்கக் கற்கள் அவருக்குப் பள்ளிக்கூடமாயின. பிறகு இத்தாலி, பாரிஸ், திரும்பவும் வியன்னா. 1856-இல் வியன்னாவில் அரசின் முதல் பரிசு கிடைத்தது. சொந்த ஊரிலேயே இருந்திருந்தால் தந்தையின் செல்வாக்கு அவரைத் தாங்கியிருக்கும். அவரோ 1862-இல் இங்கிலாந்தில் குடியேறினார். அதே ஆண்டு ராயல் அகாடமி கண்காட்சியில் முதல் வேலையை வைத்தார். அது சுடுமண்ணில் செய்த மார்பளவுச் சிலை. 1865-இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார்.

அன்றைய லண்டனில் வெளிநாட்டுச் சிற்பி என்பது அதிசயமில்லை. மிலானிலிருந்து வந்த ரஃபாயேல் மோன்டி, பளிங்கிலேயே மெல்லிய முகத்திரையைச் செதுக்கிக் காட்டிப் பெயர் வாங்கியிருந்தார். டூரினில் பிறந்த கார்லோ மரோகெட்டி அரச குடும்பத்துக்கு வேண்டியவராக இருந்தார். கான்பூரில் உள்ள பளிங்குத் தேவதைச் சிலை அவர் செய்ததுதான். மரோகெட்டி 1867-இல் இறந்தார். அரண்மனைக்கு நம்பிக்கையான சிற்பி ஒருவர் தேவைப்பட்ட அந்த நேரத்தில் போஹம் லண்டனில் கடை விரித்து 5 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1869-இல் விண்ட்சர் கோட்டைக்காக அரசியின் பெரிய பளிங்குச் சிலையைச் செய்யும் வேலை அவரிடம் வந்தது. அதோடு அவர் வாழ்க்கை மாறியது. அரசியின் மகள் இளவரசி லூயிஸ் அவரிடம் சிற்பம் பயின்றார். பிற்காலத்தில் லண்டன் கென்சிங்டன் தோட்டத்தில் தன் தாயின் பளிங்குச் சிலையைச் செய்தவர் இந்த லூயிஸ்தான். போஹம் 1878-இல் ராயல் அகாடமியின் இணை உறுப்பினரானார். பின்னர் அரசியின் ஆஸ்தான சிற்பி, 1889-இல் பரம்பரைப் பட்டமான பாரனெட். புலம்பெயர்ந்து வந்தவர் 27 ஆண்டுகளில் எட்டிய உயரம் இது.

அவருடைய வேலையைப் புரிந்துகொள்ள, பளிங்குச் சிலை எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். திருமுருகன்பூண்டிப் பட்டறைகளின் முறை வேறு. அங்கே சிற்பி கல்லைத் தட்டிப் பார்த்து, ஓசையை வைத்துத் தரம் பார்ப்பார். பிறகு கல்லின் மேலேயே நூல் பிடித்து, தாலக் கணக்கில் அளவு குறித்து, நேராக உளியை வைப்பார். தலைமுறைகளாக வந்த அளவுகள் மனத்தில் இருப்பதால் முன்மாதிரி தேவைப்படுவதில்லை. போஹம் காலத்து ஐரோப்பாவில் சிற்பி கல்லைத் தொடுவது கடைசியில்தான். முதலில் இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் களிமண்ணால் உருவம் செய்வார். அந்தக் களிமண் உருவத்திலிருந்து அச்சு எடுத்து, பிளாஸ்டர் பிரதி வார்ப்பார்கள். பிளாஸ்டரின் மேல் நூற்றுக்கணக்கான புள்ளிகள் குறிப்பார்கள். நகரும் கைகளும் ஊசியும் உள்ள பித்தளைக் கருவி ஒன்றை வைத்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து, அதே ஆழத்துக்குப் பளிங்குப் பாளத்தைத் துளைப்பார்கள். பிறகு கரட்டு வேலைக்காரர் மிச்சக் கல்லைக் கொத்தி எடுப்பார், நுணுக்க வேலைக்காரர் துணியையும் கையையும் செதுக்குவார், தேய்ப்பவர் மெருகேற்றுவார். சிற்பி கடைசியில் வந்து முகத்தில் சில இடங்களைத் தொட்டு முடிப்பார்.

பனியன் கம்பெனியில் இருப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். களிமண் உருவம்தான் சாம்பிள். அதை ஓ.கே. செய்த பிறகு நடப்பது புரொடக்‌ஷன். சாம்பிளுக்குப் பெயர் இருக்கும். புரொடக்‌ஷனில் கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எத்தனை கை பட்டது என்பது பெட்டியின் மேல் இருக்காது.

போஹமின் கூடத்திலும் அப்படித்தான். ஆனால் அங்கிருந்த ஒரு பெயரை வரலாறு காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. அவர் பெயர் எதுவார் லாந்தேரி. 1848-இல் பிரான்ஸின் ஓசேர் நகரில் பிறந்தவர். 1872-இல் லண்டனுக்கு வந்து போஹமிடம் உதவியாளராகச் சேர்ந்து, போஹம் இறக்கும் வரை உடனிருந்தார். போஹம் பெயரில் வந்த பல சிலைகளில் லாந்தேரியின் கை கணிசமாக உண்டு என்பதைக் கலை வரலாற்றாளர்கள் ஏற்கிறார்கள். வந்தேறியான சிற்பியின் கூடத்தைத் தாங்கியவர் இன்னொரு வந்தேறி. லாந்தேரி பின்னர் லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் சிற்பப் பேராசிரியராகி, ஒரு தலைமுறைக்கே களிமண் வேலை கற்றுக்கொடுத்தார். 1901-இல்தான் அவர் பிரிட்டிஷ் குடிமகனானார். லண்டன் பிக்காடிலியில் ஒற்றைக்காலில் நிற்கும் ஈராஸ் சிலையைச் செய்த ஆல்ஃபிரட் கில்பர்ட்டும் இளமையில் போஹமின் கூடத்தில் வேலை கற்றவர்.

போஹமின் சிறந்த வேலைகள் எவை என்று கேட்டால் இரண்டைச் சொல்லலாம். இரண்டும் பளிங்கு. இரண்டிலும் இருப்பவர்கள் முதியவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள், சிந்தனையால் வாழ்ந்தவர்கள்.

முதலாவது, எழுத்தாளர் தாமஸ் கார்லைல். அவர் போஹமுக்கு நண்பர். 1875-இல் அந்தச் சிலை ராயல் அகாடமியில் காட்சிக்கு வந்தபோது, எளிதில் யாரையும் புகழாத விமர்சகர் ஜான் ரஸ்கின் அதை மனமாரப் பாராட்டினார். கார்லைல் நீண்ட அங்கியோடு நாற்காலியில் தளர்ந்து அமர்ந்திருக்கிறார். ரோமானிய மேலாடை கிடையாது, வீரத் தோரணை கிடையாது. பெரிய மனிதர்களுக்குக் கிரேக்க உடை மாட்டிச் செதுக்கிய வழக்கம் அதற்கு முந்தைய தலைமுறை வரை இருந்தது. வீட்டில் இருக்கிற மாதிரியே ஒரு மனிதனைக் கல்லில் உட்காரவைத்ததுதான் போஹம் செய்த மாற்றம். அதன் வெண்கல வடிவம் 1882-இல் லண்டன் செல்சி ஆற்றங்கரையில் நிறுவப்பட்டது.

இரண்டாவது, சார்லஸ் டார்வின். 1882-இல் டார்வின் இறந்ததும் நினைவுச் சின்னத்துக்கு நிதி திரட்டினார்கள். பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ரஷ்யா, பிரேசில், அமெரிக்கா என்று பல நாடுகளிலிருந்து பணம் வந்தது. ஸ்வீடனிலிருந்து மட்டும் 2,296 பேர் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் மதகுருவான ஆயரும் இருந்தார், துணி தைத்துப் பிழைக்கும் பெண்ணும் இருந்தாள். தொகை 5 பவுனில் தொடங்கி 2 பென்னி வரைக்கும் இறங்கியது. தையல் மெஷினில் குனிந்திருக்கிற பெண்கள் நிறைந்த இந்த ஊரில் இந்தச் செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். உயிர்களின் தோற்றம் பற்றிய அறிவியலுக்கு வைத்த சிலையில் ஒரு தையல்காரப் பெண்ணின் காசும் கலந்திருக்கிறது.

போஹம் செய்த அந்தப் பளிங்கு டார்வின் 1885 ஜூன் 9-ஆம் தேதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பெரிய படிக்கட்டின் மேல் திறக்கப்பட்டது. டார்வினின் கொள்கைக்காக மேடை மேடையாக வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லி பேசி ஒப்படைக்க, வேல்ஸ் இளவரசர் பெற்றுக்கொண்டார். 1927-இல் அதை எடுத்துவிட்டு, டார்வினை எதிர்த்த ரிச்சர்டு ஓவனின் சிலையை அந்த இடத்தில் வைத்தார்கள். டார்வினின் 200-ஆவது பிறந்த ஆண்டான 2009-ஐ ஒட்டி, அது படிக்கட்டின் மேல் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. இன்று அங்கே படியேறும் பள்ளிக் குழந்தைகள் போஹமின் வேலையைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

இந்தியாவோடு அவருக்கு இருந்த தொடர்பு நீளமானது. மும்பையின் 'காலா கோடா' பகுதியைத் தெரியாதவர் குறைவு. கறுப்புக் குதிரை என்ற அந்தப் பெயர் போஹமின் சிலையால் வந்தது. 1875-76-இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்துபோனதன் நினைவாக, அவர் குதிரைமேல் இருக்கும் வெண்கலச் சிலையைச் செய்து 1879-இல் அங்கே நிறுத்தினார்கள். பணம் கொடுத்தவர் ஆல்பர்ட் சசூன். பாக்தாத்தில் பிறந்த யூதர். அவர் தந்தை டேவிட் சசூன் அங்கிருந்த கொடுமையால் ஊரைவிட்டு ஓடிவந்து பம்பாயில் வியாபாரம் தொடங்கியவர். பஞ்சும் அபினியும் விற்றுச் சேர்த்த செல்வம் மகன் காலத்தில் பஞ்சாலைகளாகவும் சசூன் துறைமுகமாகவும் வளர்ந்தது. பாக்தாத்திலிருந்து வந்த ஜவுளி முதலாளி, வியன்னாவிலிருந்து வந்த சிற்பியிடம் கொடுத்த ஆர்டர், மும்பையின் ஒரு பேட்டைக்கே பெயராகிவிட்டது. 1965-இல் அந்தச் சிலையை பைகுல்லா தோட்டத்துக்கு மாற்றினார்கள். மக்களோ பெயரை விடவில்லை. 2017-இல் அதே பகுதியில் சவாரி செய்பவர் இல்லாத ஒரு புதிய கறுப்புக் குதிரையை நிறுத்தினார்கள்.

லாகூர் கதை கசப்பானது. பஞ்சாபை ஆண்ட ஜான் லாரன்ஸின் சிலையை போஹம் முதலில் லண்டனுக்காகச் செய்தார். ஒரு கையில் பேனா, மறு கையில் வாள். எதால் ஆளப்பட விரும்புகிறீர்கள் என்று கேட்கிற பாவனை. லண்டனில் அந்தச் சிலை பிடிக்கவில்லை என்று வேறொன்று செய்துகொடுத்தார். பழையது லாகூருக்குப் போனது. 1920-களில் அதை அகற்றச் சொல்லி லாகூர் மக்கள் போராடினார்கள். பிரிவினைக்குப் பிறகு அது பீடத்தைவிட்டு இறங்கி, லாரன்ஸ் படித்த வட அயர்லாந்தின் ஃபாயில் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது.

கொடிகாத்த குமரனின் ஊரில் நின்று பேசும்போது இதை மழுப்பக் கூடாது. 1932 ஜனவரியில் தேசியக் கொடியை ஏந்தி ஊர்வலம் போனவரை அடித்துக் கொன்றது எந்த ஆட்சியோ, அந்த ஆட்சியின் முகங்களைத்தான் போஹம் செய்து கொடுத்தார். அரசி, இளவரசர், தளபதி, ஆளுநர் என்று வந்த ஆர்டரையெல்லாம் எடுத்துக்கொண்டார். பேனாவையும் வாளையும் நீட்டிய அந்தச் சிலையில் அவர் பொறுப்பும் உண்டு. அவருடைய கைத்திறனைப் பாராட்டுவதும், அந்தத் திறன் யாருக்குச் சேவகம் செய்தது என்று கேட்பதும், இரண்டும் வேண்டும். டார்வினைப் பார்த்துவிட்டு லாரன்ஸை மறப்பது வரலாறாகாது. லாரன்ஸைக் காரணம் காட்டி டார்வினைத் தள்ளுவதும் நியாயமாகாது.

போஹமுக்குத் தோல்வியும் வந்தது. அது வந்த இடம் அவர் பிறந்த வீட்டுத் தொழில். 1887 பொன்விழாவுக்காக அரசியின் உருவத்தை நாணயத்துக்கு வடிவமைத்துக் கொடுத்தார். தலையில் மிகச் சிறிய கிரீடம். பார்த்தவர்கள் கேலி செய்தார்கள், பத்திரிகைகள் சாடின. தோளின் கீழ் விளிம்பில் இருந்த ஜே.இ.பி. என்ற மூன்று எழுத்து பழியைத் தாங்கியது. 1893-இல் தாமஸ் பிராக் செய்த உருவம் அதன் இடத்தைப் பிடித்தது. வியன்னா நாணயச்சாலை இயக்குநரின் மகனுக்கு அந்தக் கேலி வலித்திருக்கும்.

ஆனால் 1893-ஐ அவர் பார்க்கவில்லை. 1890 டிசம்பர் 12-ஆம் தேதி, 56 வயதில், தன் கூடத்தில் திடீரென இறந்தார். இளவரசி லூயிஸ் அப்போது அங்கே இருந்தார். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் நிலவறையில், நாட்டின் பெரிய ஓவியர்களோடு அவரை அடக்கம் செய்தார்கள்.

போஹமின் இடம் எது? மைக்கேலாஞ்சலோ போலக் கல்லுக்குள் புதிய உலகத்தைக் கண்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கற்பனை உருவங்களில் அவர் தடுமாறினார். எதிரே ஒரு மனித முகம் இருந்தால் அதைப் படிப்பதில் அவர் காலத்தில் அவருக்கு இணை குறைவு. டார்வின் நேரில் அமராமலே, இறந்தபின் அந்த முகத்தைக் கல்லில் எழுப்பியிருக்கிறார் என்பது ஒன்றே போதும்.

தமிழ்நாட்டில் பளிங்குச் சிலை பார்க்க விரும்புகிறவர்களுக்கு வேறு இடங்களும் உண்டு. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய காரன்வாலிஸ் நிற்கிறார். தஞ்சாவூர் அரண்மனையில் சரபோஜி மன்னர் பளிங்கில் கைகூப்பி நிற்கிறார். சென்னை மெரினாவில் நான்கு உழைப்பாளிகள் பாறையைப் பெயர்க்கிற சிலையோ வெண்கலம், 1959-இல் திறந்தது. அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி இன்றைய வங்காளதேசத்தின் ரங்பூர்ப் பகுதியில் பிறந்து, 1929-இல் சென்னைக் கலைப் பள்ளியின் தலைமைக்கு வந்தவர். தமிழ்நாட்டு உழைப்பாளிக்கு முகம் கொடுத்தவரும் வெளியூர்க்காரர்தான். இன்றைக்கு ரயிலில் வந்து இறங்கி பனியன் கம்பெனியில் சேருகிற வங்காளத்துப் பையனை 'வடக்கத்தியான்' என்று ஒதுக்குகிறவர்கள் மெரினாவில் அந்தச் சிலை முன்னால் சற்று நிற்க வேண்டும்.

திருப்பூரே 1978 வாக்கில் இத்தாலியிலிருந்து வந்த இறக்குமதியாளர் ஒருவர் வெள்ளைப் பனியன் கேட்டதால் வெளிநாட்டுச் சந்தைக்குள் நுழைந்த ஊர். வந்தவர்களை வரவேற்று வளர்ந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள இங்கே எல்லோருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையோடு ஒரு கடமையும் இருக்கிறது. நம் ஊர்ச் சிலைப் பீடங்களைப் பாருங்கள். திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், நன்கொடையாளர் எல்லோரும் கருங்கல் பலகையில் இருப்பார்கள். உளி பிடித்தவர் இருக்க மாட்டார். நடைபாதைச் சிலையாகட்டும், கோயில் சிலையாகட்டும், பள்ளி வாசலில் வைக்கும் வள்ளுவராகட்டும், இனிமேல் சிலை வைக்கும் குழுவினர் அந்தப் பலகையில் இன்னும் ஒரு வரிக்கு இடம் ஒதுக்கட்டும். செய்த சிற்பியின் பெயர், அவரோடு வேலை செய்தவர்களின் பெயர், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது. பூண்டிப் பட்டறைகளில் இப்போது வேலை செய்கிறவர்களிடமிருந்தே அதைத் தொடங்கலாம். இந்த அவையில் சிலைக் குழுக்களிலும் கோயில் திருப்பணிக் குழுக்களிலும் இருப்பவர்கள் இதை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.